அந்த ஆறு எண்

“நீ வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு வாடகை கட்டுறதுக்கு, இங்கே அம்மாவோட வேலை போகணுமா?”

தங்கைக்காரி போனில் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு நின்றாள்.

அண்ணன் படிக்கப் போய் எட்டு மாதம். பணமெல்லாம் இங்குள்ள வங்கிக் கணக்கில். அங்கே எதற்குப் பணம் கட்டினாலும் அவனுடைய பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அந்த சிம் அம்மாவின் போனில். அவன் கூப்பிடுவான். அம்மா ஆறு எண்ணை வாசிப்பாள். “நல்லா இருக்கேன்மா” என்று வைத்துவிடுவான்.

அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. நேற்று, வீங்கிய கன்னத்தோடு ஒருவர் டோக்கனுக்குக் கை நீட்டி நிற்க, அம்மா “நாலு... ஏழு... ஏழு...” என்று போனில் வாசித்துக்கொண்டிருந்தாளாம். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நம்பரை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு விண்ணப்பம் போட வலிக்குதா? அம்மான்னா சம்பளமில்லாத செக்ரட்டரின்னு நினைப்பு உனக்கு.”

“கொஞ்சம் மூச்சு விடுடி. மூணு தடவை போட்டாச்சு. மூணு தடவையும் பேங்க்ல தள்ளுபடி. காரணமும் சொல்ல மாட்டேங்கிறாங்க. இன்னைக்குக் காலையில நாலாவது போட்டிருக்கேன்.”

அவ்வளவுதான். அண்ணனை விட்டாள், வங்கியைப் பிடித்தாள். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, பத்தரை மணிக்கெல்லாம் கவுன்டர் முன்னால் போய் நின்றாள்.

“காரணம் சொல்லாம மூணு தடவை தள்ளுபடி பண்ண எந்தச் சட்டத்துல இடமிருக்கு? எழுத்துல கொடுங்க.”

“முதல்ல உட்காருங்க மேடம்.” ஊழியர் கணினியைத் தட்டிப் பார்த்தார். “நம்பரை மாத்தறதுக்கு முன்னாடி பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்போம். எடுக்கறவங்க வேண்டாம்னா அப்படியே நிறுத்திடுவோம். நாளைக்கு மோசடி கீசடின்னு வந்துடக் கூடாதில்ல?”

“யாரு வேண்டாம்னு சொன்னது?”

“மூணு தடவையும் ஒரு அம்மா. ‘என் பையன் நம்பரை மாத்தாதீங்க தம்பி’ன்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

“பன்னிரண்டு மணிக்குள்ள மறுபடி கூப்பிடுவோம். இந்தத் தடவையாவது சரின்னு சொல்லச் சொல்லுங்க” என்றார் அவர்.

பல் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. போன வேகத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“உனக்கென்ன பைத்தியமாம்மா? வேலையே போகப் போகுது. அவன் மாத்தறேங்கிறான், நீ தடுக்கறே.”

“மெதுவா பேசு. உள்ளே ஒருத்தர் வாயைப் பிளந்துக்கிட்டுப் படுத்திருக்கார்.”

“அவன்கூடப் பேசணும்னா சொல்லு. தினம் கூப்பிடச் சொல்றேன். அதுக்கு ஓ.டி.பி. எதுக்கு?”

“பேசினா மட்டும் என்னடி வந்துடும்? என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்மா, அவ்வளவுதான்.” அம்மா டோக்கன் கட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, போனைத் திறந்து நீட்டினாள். “இதுதான் விவரமா பேசும். படி.”

ஒவ்வொரு மெசேஜிலும் ஆறு எண். அதற்கு மேலே, எவ்வளவு, யாருக்கு என்று ஒரு வரி.

“மூணு மாசமா வாடகை பாதிதான். அறைக்கு ஆள் சேர்த்திருக்கான். பஸ் பாஸ் எடுக்கலை, நடக்கறான். போன மாசக் கடைசியில பத்து நாள் மளிகைக் கடைக்கே போகலை. அங்கே பாரு, பதினெட்டாம் தேதி.”

பார்த்தாள். எலும்பு முறிவு சிகிச்சை மையம்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.”

“என்கிட்ட மட்டும் சொன்னானா? ‘எதுக்குடா இவ்வளவு’ன்னேன். ‘புது ஷூம்மா’ன்னான்.”

“மெசேஜ்ல எல்லாம் வருதுன்னு அவனுக்குத் தெரியாதா?”

“அம்மா எண்ணை மட்டும்தான் படிப்பான்னு நினைச்சிருக்கான்.”

“நீ என்ன சொன்னே?”

“அப்போ ஒண்ணும் சொல்லலை. அடுத்த தடவை கூப்பிட்டப்போ, ‘ஷூ கடிக்குதாடா’ன்னு கேட்டேன். ‘முதல்ல ரொம்பக் கடிச்சுதும்மா, இப்போ தேவலாம்’னான். அன்னைக்குத்தான் தூங்கினேன்.”

உள்ளே பல்லைக் குடையும் மெஷின் நின்றது. அதே நேரம் போன் அடித்தது. வங்கி.

அம்மா டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். “இன்னைக்குச் சரின்னு சொல்லிடறேன். உனக்கும் நிம்மதி.”

அவள் எடுப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“நம்பர் மாத்த விண்ணப்பம் வந்திருக்கு. சம்மதந்தானே?”

“வேண்டாங்க.”

கவுன்டர் ஊழியர் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

“மேடம், இப்போ இங்கே வந்து சட்டம் பேசிட்டுப் போனது நீங்கதானே?”

“நானேதான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “அந்த மெசேஜ் என் நம்பருக்கும் சேர்ந்து வர்ற மாதிரி ஏதாவது ஃபார்ம் இருக்கா?”