தானாக எதிர்ப்பட்ட கார்

டீச்சர் மறுபடியும் தப்பான பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"ஐயோ டீச்சர், அந்தப் பக்கம் இல்ல! இடது பக்கம், இடது பக்கம்!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினார் சர்வேயர்.

கத்தி என்ன பயன்? வாடகைக் கார் பெரிய சாலையை விட்டு விலகி, கிடங்குகள் வரிசையாக நின்ற சின்னச் சாலையில் சமர்த்தாக ஓடத் தொடங்கியிருந்தது.

டீச்சர் என்பது அவருடைய மனைவிதான். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். உலகப்படத்தில் எந்த ஊரையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். ஆனால் வெளிநாட்டு மண்ணில் கால் வைத்ததிலிருந்து தினம் ஒரு தடவையாவது வழியைக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவரை நம்பியா பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று சர்வேயர் பயணம் முழுக்கச் சிரித்தபடி வந்தார்.

ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்கலாம் என்றால் அதற்கும் வாயில்லை. முதல் நாளே ரவுண்டானாவை எதிர்த்திசையில் சுற்றி, ஒரு குப்பை லாரி டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரச் செய்தவர் சர்வேயர்தான்.

சர்வேயருக்குக் கார் என்றால் பைத்தியம். பார்த்த வேலையோ, விபத்தான வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதிப்பது. காலமெல்லாம் அவர் கண்டது நசுங்கிய கதவும் நொறுங்கிய விளக்கும்தான். பொய் கிளெய்ம் என்றால் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. அடிபடாத, அபூர்வமான கார்கள் ஓடுவதைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம்.

அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். காட்சிக்கூடத்தில் நிற்பது கணக்கில் சேராது. ஆளைப் பிடித்து, சொல்லிவைத்துப் போய்ப் பார்ப்பதும் சேராது. ரோட்டில் தானாக எதிர்ப்பட வேண்டும். பட்டால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால்தான் பார்த்ததாக அர்த்தம்.

ராசிக்காரர்தான். ஏரிக்கரையில் ஒரு மஞ்சள் கார் கிடைத்தது. மலைப்பாதையில், தரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பச்சைக் கார். இரண்டுமே டீச்சர் வழி தப்பிய இடத்தில் கிடைத்தவை. பெருமையை மட்டும் தன் ராசிக்கு எழுதிக்கொண்டார் சர்வேயர்.

பாக்கி ஒன்று இருந்தது. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அந்த வெள்ளிநிறக் கார் உண்டு. அதன் கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் மேலே எழும்பும். கல்யாணமான புதிதில் அதன் படத்தை வெட்டி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அன்று முதல் டீச்சர் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் காரின் முகத்தில்தான் விழிக்கவேண்டியிருந்தது.

இன்று மத்தியானம் விமானம். இனி அது கிடைக்கப்போவதில்லை. போதாக்குறைக்கு, இரண்டாவது காபியைக்கூடக் குடிக்கவிடாமல் டீச்சர் அவரை விரட்டிக் கிளப்பியிருந்தார். இப்போது வழியும் போச்சு.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். எதிர்ப்புறமிருந்து, மெல்ல உறுமியபடி அதற்குள் நுழைந்தது அந்த வெள்ளிநிறக் கார்.

சர்வேயர் டேஷ்போர்டைத் தட்டவில்லை. கை எழவே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் சொல்லாமலே டீச்சர் பங்கின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

வெள்ளிநிறக் காரிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். பெட்ரோல் போட வந்தாராம். சர்வேயரின் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கதவை மேலே தூக்கி, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். சாவியைக்கூடப் பாதி திருப்பிப் பார்க்கவிட்டார்.

உடம்பை மடக்கிக்கொண்டு சர்வேயர் உள்ளே இறங்கினார். தோல் இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. பழக்கதோஷத்தில் தேடிப் பார்த்தார்; அப்போதும் இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பழக்கதோஷம் அதோடு விட்டதா? கண் தானாக ஒவ்வொரு முள்ளாகப் பார்த்துக்கொண்டு போனது.

பெட்ரோல் முள்ளில் வந்து நின்றது. டேங்க் நிறைந்திருந்தது.

நிறைந்த டேங்கோடு யாராவது பெட்ரோல் போட வருவார்களா?

சர்வேயர் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். டீச்சர் வெளியே நின்று தன் கறுப்புக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பயணத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் டீச்சர் சாப்பாட்டு மேசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. யாரோடு இத்தனை பேச்சு என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு அந்த மஞ்சள் கார் ஞாபகம் வந்தது. பச்சைக் காரும்.

சொல்லிவைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. சட்டம் போட்டவர் அவரேதான்.

பெரியவருக்கு நன்றி சொல்லி, திரும்ப வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தார். டீச்சர் வண்டியைக் கிளப்பவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க, தட்டவே இல்லையே... இது சேராதா?"

சர்வேயர் டேஷ்போர்டை ஓங்கித் தட்டினார்.

"சேராமலா? நீ மட்டும் வழி தப்பலைன்னா இது நம்ம கண்ணுலயே பட்டிருக்காது, டீச்சர்!"

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி கிளம்பியது.

அங்கிருந்து விமான நிலையம்வரை, யாரையும் கேட்காமல், ஒரு திருப்பம்கூடத் தவறாமல் ஓட்டினார் டீச்சர்.

சர்வேயர் அதைக் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.