ஒரே வாக்கியம்

"மணி என்னம்மா ஆகுது?"

ஸ்ட்ரெச்சர் தள்ளும் அக்கா வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றாள். "ஆறே முக்கால், டீச்சர்."

"மணி பார்க்கத் தெரியுதே! அஞ்சு மணிக்கு ட்யூட்டி முடியுது. மாடி ஏறி வர ஒண்ணே முக்கால் மணி நேரமா?"

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான ஆங்கில வகுப்பு அது. மூன்று தடவை லேட்டானால் டீச்சர் பேரை அடித்துவிடுவார். பேர் போனால் சர்டிபிகேட் போச்சு. சர்டிபிகேட் இல்லாமல் வேலை நிரந்தரமாகாது. அக்காவுக்கு இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"நோட்டையாவது காட்டுங்க."

'வெயிட்' என்ற சொல்லைக் கொடுத்து, நிஜமாகவே யாரிடமாவது பேசிவிட்டு, பேசியதை அப்படியே எழுதி வரச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பஸ்ஸுக்கும் லிஃப்டுக்கும் சம்பளத்துக்கும் காத்திருந்து வெளுத்து வாங்கியிருந்தார்கள்.

அக்காவின் நோட்டில் எட்டு வரி. எட்டும் ஒரே வாக்கியம். 'ஐ வில் வெயிட்.' பக்கத்தில் ஏதேதோ நம்பர், ஒரு டிக்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "டிக் வேற நீங்களே போட்டுக்கிட்டீங்களாக்கும்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அய்யோ, அது பெட் நம்பர் டீச்சர். ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப, துணைக்கு ஆளில்லாத வெளி மாநிலத்துக்காரங்க என் கையைப் பிடிச்சுக்குவாங்க. பாஷை தெரியாம இத்தனை நாள் முழிச்சுக்கிட்டு நிப்பேன். நீங்க சொல்லிக் கொடுத்ததை தியேட்டர் வாசல்ல சொன்னேன். அப்புறம்தான் கையை விட்டாங்க!"

"சரி, டிக்?"

"அவங்க கண்ணு முழிச்சு என்னைப் பார்த்ததும் போடறது."

"ட்யூட்டி முடிஞ்ச பிறகும் நிக்கறீங்களா?"

"சொல்லிட்டேனே, டீச்சர்."

சிரிப்பு அடங்கிப்போனது. டீச்சர் நோட்டை மறுபடி பார்த்தார். இருபது வருஷமாகப் போர்டில் எழுதி எழுதி அழித்த சொல். அம்மாடி, இவ்வளவு பெரிய சொல்லா இது!

கடைசி வரியில் மட்டும் டிக் இல்லை.

"பதினாலாம் பெட். இன்னும் உள்ளேதான் இருக்காங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான் ஓடி வந்தேன். பேரை அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்க டீச்சர், நான் போகணும்."

டீச்சர் பேனாவை மூடினார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"போயிட்டு வாங்கக்கா. ஐ வில் வெயிட்."