மூன்றாவது மெமோ

"துண்டைக் கொஞ்சம் விலக்குங்கம்மா."

கழுகக்கா சொன்னதும் அந்தப் பெண் தோளில் கிடந்ததை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "பிள்ளை இப்பதான் கண்ணை மூடினான். எழுந்தா நீங்களா வந்து தாலாட்டுவீங்க?"

கழுகக்கா மசியவில்லை. தீம் பார்க் ரிசார்ட்டின் வாசலில் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. வெளிச் சாப்பாடு ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது. கைக்குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு.

அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. இரண்டு மெமோ வாங்கிய பிறகு அதே பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதல் மெமோ, கேமராப் பெட்டிக்குள் பதுங்கிப் போன இருபது அவித்த முட்டைகளுக்கு. இரண்டாவதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். பூப்போட்ட துண்டில் சுற்றிய குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே ஒருவர் உள்ளே போனார். மரத்தடியில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தால், நாலடுக்கு டிபன் கேரியர்.

மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். வேலையோடு ஊழியர் குடியிருப்பில் கொடுத்திருக்கும் ஒற்றை அறையும் போகும். அடுத்த வாரம் பரீட்சை எழுதவேண்டிய மகளை இழுத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் வீடு தேடுவது?

இப்போது அதே மாதிரி ஒரு பூப்போட்ட துண்டு. குடும்பத்தில் ஐந்து பேர். மூன்று பைகளையும் கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது, துணிமணியைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்து பேர் பிள்ளைகுட்டியோடு கிளம்பும்போது ஒரு பிஸ்கட்கூட இல்லாமல் வருவார்களா? அதுதான் அவளுக்கு இடித்தது.

"துண்டை விலக்கினாத்தான் உள்ள விடுவேன்."

"என்னங்க இது அநியாயமா இருக்கு!" என்று கணவன் பாய்ந்து வந்தான். "திறந்து காட்டுறதுக்கு என் பிள்ளை என்ன டப்பாவா?" சட்டைப் பையிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்து மேசைமேல் படாரென்று போட்டான். "பாருங்க. பிறந்து மூணே மாசம். டிக்கெட் கவுன்டர்லயும் காட்டிட்டுத்தான் வர்றேன்."

அட்டையை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கழுகக்கா பல்லைக் கடித்துக்கொண்டு துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

வீல் என்று ஓர் அலறல். சிவந்த முகமும் மூடிய முஷ்டியுமாக, அசல் குழந்தை.

கழுகக்கா துண்டைச் சட்டென்று விட்டாள். பின்னால் நின்ற வரிசையே கொதித்தது. "பச்சைப் பிள்ளையைக்கூட சோதிப்பீங்களா?" என்று கத்திய ஒருவர், போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கணவன் அவரைப் பிடித்துக்கொண்டான். "வாயும் வயிறுமா இருக்கிறவளை அரை மணி நேரமா நிக்க வெச்சு, பிள்ளையையும் அழ வெச்சு... இதுதான் உங்க உபசாரமா சார்?"

அப்போதுதான் கழுகக்கா சரியாகப் பார்த்தாள். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் அடிவயிற்றை இரண்டு கையாலும் தாங்கியபடி நின்றாள். நெற்றியில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், இவளையா படுத்தினேன் என்று நினைத்துக் கழுகக்கா கைகூப்பினாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பு என் மேலதான்" என்றாள்.

போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் மேனேஜருக்கு அன்பு பொங்கியது. "நாள் நெருங்கிடுச்சாம்மா?"

"ஆமா சார்."

இரண்டாவது மெமோவுக்குப் பிறகு வைத்த, இரும்பு பட்டால் கூவும் சோதனை வளைவுக்குள் கர்ப்பிணிகள் நுழையவேண்டியதில்லை, பக்கக் கதவு வழியாகப் போகலாம் என்பது விதி. மேனேஜர் ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தார். ஊழியர் யாரையும் தொடவிடாமல் தானே தள்ளினார்.

பக்கக் கதவின் படியில் சக்கரம் ஏறியது. "மெதுவா சார், குலுங்கக் கூடாது" என்று அவள் பதறினாள்.

"பயப்படாதீங்கம்மா, என் தங்கச்சி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றவர், கழுகக்காவைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் கழுகக்கா எந்தப் பையைத் திறந்தாள், எதை மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளிடம் எப்படிச் சொல்வது என்பதே மனதில் ஓடியது. பரீட்சை முடியும்வரை சொல்லாமல் மறைக்க முடியுமா?

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி அலறியது. மேனேஜர்தான்.

"குளத்தங்கரையில அஞ்சு பேர் பந்தி விரிச்சு உக்காந்திருக்காங்களாம்! கையில பூப்போட்ட துண்டுல ஒரு குழந்தை வேற! நம்ம கேன்டீன்காரர் இப்பதான் போன் பண்ணினார். சுடச்சுட சாப்பாடு, நாலடுக்கு கேரியர்! உன் கேட்டைத் தாண்டி எப்படிப் போச்சு?"

"சார்..."

"பேசாதே! மூணாவது மெமோவுல கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துட்டேன். எழுதணும், சொல்லு. அந்தக் கேரியரை உள்ள விட்டது யாரு?"

கழுகக்காவின் பார்வை மேசைக்குப் போனது. அவசரத்தில் கணவன் விட்டுப்போன தடுப்பூசி அட்டை அங்கேயே கிடந்தது. பிறந்த தேதியைப் பார்த்தாள். மூன்று மாதம் சரிதான். கையில் மூன்று மாதக் குழந்தை, வயிற்றில் நாள் நெருங்கிய பிள்ளை. விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"நீங்கதான் சார் தள்ளிட்டுப் போனீங்க."