ஐயாயிரம் அடி

"அம்மா, அவன் வந்திருக்கான்."

மாதங்கி கதவை முழுசாகத் திறக்கவில்லை. ஸ்ரீநாத் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை இழுத்தபடி ஒருக்களித்து உள்ளே நுழைந்தான். லேக் மார்க்கெட்டில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மூன்று மாடி ஏறியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

பத்து மாதமாக இதே கதைதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவான். மாதங்கியின் அம்மா ராஜலக்ஷ்மி எதிரில் உட்காருவான். அவள் திட்டுவாள். கேட்டுக்கொள்வான். போய்விடுவான்.

"எத்தனை அடியில கையை விடணும்?"

"ஐயாயிரம் அடியில, மாமி."

"நீ விட்டியா?"

"விடலை, மாமி. என் தப்புதான்."

"விட்டிருந்தா என் பிள்ளை இன்னிக்கு இருந்திருப்பான்."

"ஆமா, மாமி."

மாதங்கியின் தம்பி ஜெய்ராமும் ஸ்ரீநாத்தும் ஆறாம் வகுப்பிலிருந்தே சிநேகிதர்கள். சால்ட் லேக்கில் ஒரே ஆபீஸில் வேலை. லீவு கிடைத்தால் தாய்லாந்து போய் விமானத்திலிருந்து குதிப்பார்கள். போன டிசம்பரில் நாலு பேராகக் கைகோத்துக் குதித்தார்கள்.

கையில் கட்டியிருக்கும் உயரம் காட்டும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஐயாயிரம் அடி வந்ததும் கையை விட்டு ஆளுக்கொரு பக்கம் விலகிப் போய்விட வேண்டும். மேலேயும் கீழேயும் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பாராசூட்டைத் திறக்கலாம்.

தான் கையை விடத் தாமதித்துவிட்டதாக ஸ்ரீநாத்தே வந்து சொன்னான். தரைக்கு ரொம்பக் கிட்டத்தில் பாராசூட்டைத் திறந்ததில் அவனுக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. ஜெய்ராமின் பாராசூட் பாதிதான் விரிந்தது. ஜெய்ராம் பெட்டியில் வீடு வந்தான்.

"அவனுக்குப் பதிலா நீ போயிருக்கலாமேடா!" ராஜலக்ஷ்மி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா, மாமி" என்றான் ஸ்ரீநாத். எழுந்து வெளியே போனான்.

மாதங்கிக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படியில் அவனைத் துரத்திப் பிடித்தாள்.

"இனிமே இங்கே வராதே."

அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"எதுக்கு வரேன்னு எனக்குத் தெரியாதா? நாலு திட்டு வாங்கிண்டா உன் மனசு லேசாயிடறது. நீ போனப்புறம் மூணு நாள் அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கறதில்லை. அதைப் பார்க்கறவ நான்!"

"சாரி, தீதி." அக்கா என்பதற்கு, இந்த ஊர் வங்காளி வழக்கத்தில், சின்ன வயசிலிருந்தே அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"சாரியாம். உன் ஹெல்மெட்ல கேமரா இருந்துதே? வீடியோ அழிஞ்சு போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னே. உன் தப்பு வெளியில தெரியக் கூடாதுன்னுதானே?"

அவன் ஒரு படி கீழே இறங்கினான்.

"அழியலை, தீதி."

"காட்டு."

"வேண்டாம்."

"காட்டப் போறியா, இல்லை அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

அவன் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தான். "மாமி பார்க்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்தான்.

காற்றின் இரைச்சல். நீல வானம். நாலு பேர் வட்டமாக விழுந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று இரண்டு பேர் கையை விட்டுத் திரும்பி விர்ரென்று விலகிப் போனார்கள். ஸ்ரீநாத்தும் கையை விட்டான். தலையை ஆட்டினான், கேமராவும் ஆடியது. தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். ஒரு தடவை. இரண்டு தடவை.

ஜெய்ராம்தான் விடவில்லை. சிரித்துக்கொண்டே ஸ்ரீநாத்தின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

மாதங்கி ஃபோனைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். "நீ விட்டுட்டே! அவன்தான் உன்னைப் பிடிச்சு வெச்சிண்டிருக்கான்!"

"ம்."

"மீட்டர் அவன் கையிலேயே இருக்கே! ஏன் பார்க்கலை?"

"இன்னும் கொஞ்சம் பாருங்கோ, தீதி."

ஜெய்ராம் இடது உள்ளங்கையைக் கேமராவுக்கு நேரே விரித்தான். அதே கையின் பின்பக்கம் கட்டியிருந்த மீட்டர் அவன் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கேமராவைத்தான் பார்த்தான். உள்ளங்கையில் நீலப் பால்பாயிண்ட் பேனாவால், வங்காளி எழுத்து போல வளைந்த அவனுடைய அரைகுறைத் தமிழில் எழுதியிருந்தது:

'அம்மா பயப்படாதே'

யாரோ படித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பவன் போல அந்தக் கையை அப்படியே வைத்திருந்தான். ஸ்ரீநாத் வெடுக்கென்று உதறிக்கொண்டு திரும்பினான். அப்புறம் வெறும் வானம்தான்.

மாதங்கி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் தரையில கால் வைக்கற வரைக்கும் மாமி பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாளாமே. விமானம் ஏறும்போது சொல்லிண்டே வந்தான்" என்றான் ஸ்ரீநாத். "மாமிக்குக் காட்டறதுக்காகத்தான் அவன் உயரத்தைப் பார்க்காம விட்டான்னு தெரிஞ்சா, மாமி தாங்குவாளா தீதி? என்னையே திட்டட்டும்."

அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து இறங்கினான்.

மாதங்கி மேலே வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கேடி போனே? அந்தப் பாவி என்ன சொன்னான்?"

மாதங்கி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கதவைத் தாழிட்டாள்.

"தப்பு அவனோடதுதான்மா. நன்னாத் திட்டு. அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்கேன்."