ஆங்கிலம் வழித் தமிழில்

புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

ஆங்கிலம் வழித் தமிழில்.

அதன் கீழே மொழிபெயர்ப்பாளராக அவள் பெயர். பெயரில் பிழை இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள். காது மடல் சுட்டது.

மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அரைமணியில் நூல் வெளியீடு.

“வெளிநாட்டு நாவல்னா தானா அங்க போய் உக்காந்துக்கிற வரி மேடம்,” என்றார் பதிப்பாளர் சேந்தன். “அந்தப் பக்கத்த யாரு படிக்கப் போறாங்க? கிரேக்கம்னு தெரியத்தான் அட்டையில தூணெல்லாம் போட்டிருக்கமே.”

நாவலில் தூண் கிடையாது. ஒரு மீன் சந்தை. ஒரு வேலைநிறுத்தம்.

இருபத்தாறு வருடம் கிரேக்கம் கற்பித்தாள். பழைய கிரேக்கம் என்றால் சரி, புதியதில் என்ன இருக்கிறது என்று முதல் நேர்முகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தியவரும் அதையே கேட்டார்.

வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டுக்கு நாவலின் மீனவர்கள் சொல்லும் சொல் எந்த அகராதியிலும் இல்லை. கிரேக்கத்தின் தெசலோனீக்கித் துறைமுகத்தில் நான்கு காலைகள் பனியில் நின்று கேட்டாள். அதற்குத் தமிழ் தேடிக் காசிமேட்டில் ஒரு வாரம் நின்றாள்.

“இந்த நாவல் ஆங்கிலத்துல இன்னும் வரவே இல்ல, சேந்தன்.”

“இங்கிலீஷ்ல வராம தமிழுக்கு எப்படி மேடம் வரும்?”

கேட்டுவிட்டு அவர் மேடைப் பக்கம் போனார்.

அவள் வாசலோரம் இருந்த விற்பனை மேசைக்குப் போனாள். ஒரு புத்தகக் கட்டைப் பிரித்தாள். பையிலிருந்து ஸ்கேலையும் பேனாவையும் எடுத்தாள்.

அந்த வரியின் மேல் ஒரு கோடு. அருகில், சிறிய எழுத்தில், கிரேக்கத்திலிருந்து.

ஒரு பிரதி. அடுத்த பிரதி.

மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். புகழ்பெற்ற கிரேக்க அறிஞர் மேடைக்கு வர வேண்டும்.

பதினெட்டு. பத்தொன்பது.

மறுபடி அழைத்தார்கள். கைதட்டினார்கள். சேந்தன் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

புத்தகம் வாங்க வந்த பெண் ஒருத்தி நான்காம் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“கோடு போடாதது ஒண்ணு குடுங்க மேடம். கிஃப்ட் குடுக்கணும்.”

மேசைக்கடியில் ஒன்பது கட்டுகள் கயிறு அறுக்காமல் இருந்தன.

“அப்படி ஒண்ணு இல்லம்மா,” என்றாள் அவள். குனிந்து அடுத்த கட்டை இழுத்தாள்.