மாடி அறைக்கு ஒரு பாதாம்

நாற்பது நிமிடங்களாக வீட்டில் நால்வரும் அரிசிப் பாயசம் தின்றுகொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்தின் வாத்து வறுவல் ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்ததால் யாருக்கும் பசியில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாயசத்தில் நறுக்கிய பாதாமோடு ஒரே ஒரு முழு பாதாம் கிடக்கும். அகப்பட்டவருக்குப் பரிசு. ஆனால் உடனே சொல்லக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் தேடித் தேடித் தின்பதை வேடிக்கை பார்க்க வேண்டும்.

வழக்கமான பரிசு பன்றி வடிவத்தில் ஒரு மிட்டாய். இந்த வருடம் மாடி அறை.

மூத்த மகன் படிக்கக் கோபன்ஹேகன் போனதிலிருந்து அது காலி. ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அக்கா சிக்னேயும் தம்பி மால்டேயும் அதற்காகப் போர் நடத்தினார்கள். அவன் அவளுடைய ஷாம்பூ பாட்டிலில் மயோனைஸ் ஊற்றினான். அவள் அவனுடைய கால்பந்து ஷூவுக்குள் ஊறுகாய் மீனை வைத்தாள்.

"பாதாம் கிடைக்கிறவங்களுக்கு ரூம்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். "யாருக்குமே கிடைக்கலைன்னா எனக்கு."

கிடைக்காமல் எங்கே போகும் என்று அப்பாவும் பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள்.

இப்போது மூவரும் ஒவ்வொரு வாயையும் நாக்கால் துழாவித் துழாவி மென்றார்கள். அம்மா தன் பாயசத்தின்மேல் செர்ரிச் சாற்றை ஊற்றி மளமளவென்று விழுங்கினாள்.

கிண்ணத்தின் அடி தெரிந்தது. மால்டே வாய்க்குள் விரலை விட்டு ஒரு பாதாமை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ரூம் எனக்கு. மீன் நாத்தத்தை இனிமே நீயே அனுபவி."

சிக்னே நிதானமாகத் துப்பினாள். அதுவும் பாதாம்.

"டேய், உன்னோடதுல தோல்கூட உரிக்கலடா. அம்மா என்னிக்குடா தோலோட போட்டிருக்காங்க? ஏமாத்தறதுக்கும் மூளை வேணும்."

"நீ மட்டும் யோக்கியமா? மத்தியானம் பக்கத்து வீட்டுக்கு எதுக்குப் போன?"

"அம்மா, இவனப் பாருங்கம்மா!"

அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாறு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டினார்.

"என்ன ப்ரேபென், பல்வலியா?"

அப்பா நாப்கினை வாயருகே கொண்டுபோனார். மூன்றாவது பாதாம் விழுந்தது. தோல் உரித்த அது வழவழவென்று இருந்தது.

"என் பொம்மை ரயிலெல்லாம் சைக்கிள் ஷெட்டுல துருப்பிடிக்குது," என்றார். "மன்னிச்சுக்குங்க பசங்களா. ரூம் எனக்கு."

சிக்னேயின் முகம் தொங்கியது. மால்டேவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நிஜமாவே பாயசத்துலதான் கிடைச்சுதாப்பா?" என்று கேட்டான்.

"பின்ன?" என்றார் அப்பா, கூரையைப் பார்த்தபடி.

அம்மா மூன்று பாதாமையும் ஒரே வரிசையில் நகர்த்தி வைத்தாள். ஏப்ரன் பையிலிருந்து மாடி அறைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த வருஷம் நான் முழு பாதாம் போடவே இல்ல."