ஆட்சேபணை இல்லை

கம்பெனிக்காரர்கள் நீட்டிய தாம்பூலத் தட்டை அவள் தொடவில்லை.

பக்கத்தில் இருந்தவளும் தொடவில்லை. தட்டு வரிசை வரிசையாகப் போய், இருநூறு பேரையும் தாண்டி, ஒரு வெற்றிலைகூடக் குறையாமல் மேடைக்கே திரும்பியது.

அந்த மலையில் இதற்கு மேல் ஒரு மறுப்பு கிடையாது. பெண் கேட்டு வந்தவனுக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். வெற்றிலையைத் தொட மாட்டார்கள். வந்தவன் புரிந்துகொண்டு செருப்பை மாட்டுவான்.

இவர்கள் மலையையே கேட்டு வந்திருந்தார்கள்.

குன்றை வெட்டி இரும்பு எடுப்பார்களாம். ஊற்று வற்றாதாம். மலைக்காரர்களும் இனிப் பங்காளிகளாம். மூச்சுக்கு முந்நூறு தடவை பங்காளி என்றார் கம்பெனிக்காரர். பங்காளி யாரென்று அவளுக்குத் தெரியும். வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொள்பவன்.

ஊரின் கருத்தைக் கேட்க வந்திருந்த அரசு அதிகாரி எழுந்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மூன்று முறை கேட்டார்.

இருநூறு வாய்களும் மூடியே இருந்தன. யாரும் உளறிவிடக் கூடாதென்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தவளே அவள்தான். ஊராட்சித் தலைவி. அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"மௌனம் சம்மதம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. ரொம்ப நன்றிங்க."

எந்தப் பெரியவர்கள்? இந்த மலை ஏறியே பார்க்காதவர்கள்.

குமாஸ்தா நோட்டில் எழுதினார். அவள் எட்டிப் பார்த்துப் படித்தாள். ஆட்சேபணை இல்லை.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள்மேல் பாதி, தன்மேல் பாதி. மாட்டோம் என்று ஒரே ஒரு வார்த்தை. நாகரிகம் பார்த்து அதை விழுங்கச் சொன்னவள் அவள். மரியாதை தெரியாதவனுக்கு மரியாதை காட்டினால் தலையில் மிளகாய் அரைக்காமல் என்ன செய்வான்?

மைக்கை அணைத்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். அதிகாரி நோட்டோடு ஜீப்பில் ஏறினார்.

அவள் போய் ஜீப்புக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சும்மா" என்றார் அதிகாரி.

"உங்க கூட்டம் முடிஞ்சுது சார். நோட்டைப் பிரிங்க. மாட்டோம்னு எழுதுங்க. மொதப் பேரு என்னுது."

பின்னால் யாரோ தன் பெயரை உரக்கச் சொன்னார்கள். பிறகு இன்னொருவர். பிறகு, அவள் அறிய ஊர்ச்சபையில் வாயே திறந்திராத ஒருவர்.

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை.

பெயர்கள் நிற்கவில்லை.

நாற்பதாவது பெயரில், யாரும் சொல்லாமலே, ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.